கொடிய வைரஸ், லேப், வௌவால்: என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

சிங்கப்பூர்ல ஒரு லேப்ல டெக்னாலஜிஸ்ட்டா இருக்கேன். 2020-க்கு அப்புறம் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, தேக்கா மார்க்கெட்ல ஆட்டுக்கறிக்கு வரிசையில நின்னாலும் சரி, யாராவது ஒருத்தர் "தம்பி, நீ அந்த வைரஸ் வேலைதானே பாக்குற"ன்னு ஆரம்பிச்சுடுறாங்க. கேரளாவுல நிப்பா வைரஸ்னு நியூஸ் வந்தா அன்னைக்கு எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் தொறக்கவே முடியாது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்டை போச்சு, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன்.

நீங்க விஞ்ஞானியா?

இல்லைங்க. விஞ்ஞானி கேக்குற கேள்விக்கு டியூபும் கையுமா பதில் தேடுற ஆளு நான். ரெண்டு வருஷம் பிஎஸ்எல்-3, அதாவது மூணாவது பாதுகாப்பு நிலை லேப்ல வேலை பாத்திருக்கேன், இப்போ ஆஸ்பத்திரி சாம்பிள் டெஸ்ட் பண்றேன். அம்மா மட்டும் சொந்தக்காரங்ககிட்ட விஞ்ஞானின்னுதான் சொல்லி வச்சிருக்காங்க, அதை நானும் மறுக்கல.

புது வைரஸ் ஒண்ணு வந்துருச்சுன்னு முதல்ல யாருக்குத் தெரியும்? மெஷின் காட்டிக் குடுக்குமா?

மெஷின் அப்புறம்தான் வரும். நாம எதைத் தேடச் சொல்றோமோ அதைத்தான் மெஷின் தேடும். முதல்ல வேண்டியது ஒரு டாக்டரோ நர்ஸோ லேப் ஆளோ "இது பொருந்தலையே"ன்னு சந்தேகப்படுறது. இதுக்கு நம்ம பக்கத்து வீடு மலேசியாவுல நிப்பா வந்த கதையே இருக்கு, கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

1998 செப்டம்பர், மலேசியாவுல ஈப்போ பக்கம். பன்றிப் பண்ணைகள்ல வேலை பாக்குறவங்களுக்குக் காய்ச்சல், தலைவலி, அப்புறம் நினைவு தப்பி மூளை வீங்கி சிலர் செத்துப் போறாங்க. இது ஜப்பானிய மூளைக்காய்ச்சல்னு முடிவு பண்ணாங்க, அது கொசுவால வர்றது, அந்த வைரஸ் பன்றி உடம்புல நல்லா பெருகும், அதனால பன்றிப் பண்ணைன்னதும் எல்லாருக்கும் அதுதான் ஞாபகம் வந்துச்சு, தப்பு சொல்ல முடியாது. புகை அடிச்சாங்க, தடுப்பூசி போட்டாங்க. ஆனாலும் ஆட்கள் விழுந்துட்டே இருந்தாங்க.

இப்ப பொருந்தாத விஷயங்களைப் பாருங்க. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளைத்தான் தாக்கும், இங்க விழுந்தது எல்லாம் பெரிய ஆம்பளைங்க. தடுப்பூசி போட்டவங்களும் விழுந்தாங்க. பன்றியைத் தொட்டு வேலை செஞ்சவங்களுக்குத்தான் வந்துச்சு, அதே ஊர்ல பன்றிப் பக்கமே போகாத முஸ்லிம் குடும்பங்களுக்கு வரல. கொசு என்ன, ஆளைப் பாத்து விசாரிச்சிட்டா கடிக்குது? இதெல்லாம் போக பன்றிங்களே இருமுச்சு, சாதாரண இருமல் இல்ல, நாய் குரைக்கிற மாதிரி தூரத்துல வரைக்கும் கேக்குற இருமல். ஜப்பானிய மூளைக்காய்ச்சல்ல பன்றி இருமாது.

பயந்துபோன பண்ணைக்காரங்க கிடைச்ச விலைக்குப் பன்றிகளை வித்துட்டாங்க, அதுங்க லாரி ஏறி நெகிரி செம்பிலானுக்குப் போச்சு, கூடவே நோயும் போச்சு. அங்க இருக்குற சுங்கை நிப்பா கிராமத்துலதான் வைரஸுக்குப் பேரே கிடைச்சுது. 1999 மார்ச்ல மலாயா பல்கலைக்கழகத்துல டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியோட முதுகுத்தண்டு நீரை லேப் செல்கள்ல விட்டு வளர்த்துப் பாத்தார். செல்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பெரிய பெரிய செல்லா மாறுச்சு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அப்படிப் பண்ணாது. சாம்பிளைப் பத்திரமா பேக் பண்ணித் தானே விமானத்துல அமெரிக்காவுக்கு எடுத்துட்டுப் போய், கொலராடோவுல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தா, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி குடும்பத்து வைரஸ் மாதிரி தெரிஞ்சுது. அப்புறம் அட்லாண்டாவுல இருக்குற அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சிடிசி-யில உறுதி பண்ணாங்க. ஆஸ்திரேலியாவுல 1994-ல குதிரைகளையும் அதுங்களோட பயிற்சியாளரையும் கொன்ன ஹெண்ட்ரா வைரஸோட நெருங்கிய சொந்தம், ஆனா புதுசு.

மலேசியாவுல சுமார் 265 பேருக்கு வந்து 105 பேர் போயிட்டாங்க. பத்து லட்சத்துக்கு மேல பன்றிகளைக் கொன்னாங்க. கொசுவைத் தேடிட்டு இருந்த அந்த ஆறு மாசத்தை நினைச்சா எனக்கு இன்னும் வயித்தைக் கலக்கும், ஏன்னா நானும் அங்க இருந்திருந்தா கொசுன்னுதான் சொல்லியிருப்பேன்.

சிங்கப்பூருக்கும் நிப்பா வந்துச்சாமே, நெஜமா?

நெஜம். நிறைய பேருக்கு மறந்தே போச்சு. அப்போ மலேசியாவுல இருந்து உயிர்ப்பன்றிகள் இங்க லாரியில வரும். 1999 மார்ச்ல இங்க பன்றி வெட்டுற கூடத்துல வேலை பாத்த 11 பேருக்கு நோய் வந்து ஒருத்தர் இறந்துட்டார். உடனே மலேசியப் பன்றி இறக்குமதியை நிறுத்தி, வெட்டுற கூடத்தையும் மூடிட்டாங்க. அதோட இங்க அடங்குச்சு.

எல்லாத்துக்கும் வௌவால்தான் காரணம்னா அதை எல்லாம் கொன்னுட வேண்டியதுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்ட மாமாகிட்ட "டுரியான் பிடிக்குமா"ன்னு கேட்டேன். உயிர்னாரு. குகையில இருக்குற ஒரு வகைத் தேன் வௌவால்தான் டுரியான் பூவுல முக்கியமா மகரந்தம் சேர்க்குது. வௌவால் போச்சுன்னா உங்க மாவ்சான்வாங் டுரியான் போச்சு.

விளையாட்டு இல்லாம சொன்னா, கொல்றது எதிர்மாறா முடியும். உகாண்டாவுல கிட்டாகான்னு ஒரு சுரங்கம், அங்க வேலை பாத்தவங்களுக்கு 2007-ல எபோலாவோட சொந்தக்கார வைரஸ் மார்பர்க் வந்துச்சு. அடுத்த வருஷம் சுரங்கத்து வௌவால்களை ஒழிச்சுக் கட்டுனாங்க. கொஞ்ச காலத்துல புது வௌவால்ங்க வந்து குடியேறுச்சு, விஞ்ஞானிங்க போய் டெஸ்ட் பண்ணா முன்ன இருந்ததைவிட ரெண்டு மடங்குக்கு மேல வைரஸ் இருக்கு. நோய் எதிர்ப்பு வந்த பழைய வௌவால் போய், எதிர்ப்பே இல்லாத இளசுங்க வந்து நெரிசலா தங்குச்சு, வைரஸுக்குக் கொண்டாட்டம்னு அவங்க கணிப்பு. 2012-ல அந்தப் பக்கத்துலயே மறுபடியும் மார்பர்க்.

வௌவாலுக்கு ஏன் ஒண்ணும் ஆக மாட்டேங்குதுன்னு நம்ம ஊர்லயே ஆராய்ச்சி நடக்குது. டியூக்-என்யூஎஸ் மருத்துவக் கல்லூரியில பேராசிரியர் வாங் லின்ஃபா குழு அதே தேன் வௌவால்களைக் கூட்டமா வளர்த்துப் படிக்கிறாங்க. பறக்கும்போது வௌவாலோட உடம்பு சூடு எக்கச்சக்கமா ஏறும், அதைத் தாங்குறதுக்காக அதோட உடம்பு வீக்கத்தைக் கிளப்புற சிக்னலை எல்லாம் கொஞ்சம் அடக்கியே வச்சிருக்குன்னு ஒரு விளக்கம். நமக்குக் கொடிய வைரஸ் வந்தா பல நேரம் ஆளைக் கொல்றது வைரஸ் மட்டும் இல்ல, நம்ம உடம்பு கண்ணுமண்ணு தெரியாம அடிக்கிற அடியும்தான். வௌவால் பெருசா சண்டை போடாம குடித்தனம் நடத்துது.

அப்ப வௌவால்ல இருந்து மனுஷனுக்கு எப்படி வருது? கடிக்குமா?

பெரும்பாலும் எச்சிலும் மூத்திரமும்தான். மலேசியப் பண்ணைகள்ல பன்றிக் கொட்டகைக்கு மேலேயே மாமரம் நட்டிருந்தாங்க, நல்ல யோசனைதான், ரெண்டு வருமானம். வௌவால் கடிச்சுப் போட்ட பழம் கீழ விழும், பன்றி தின்னும். இதை நிரூபிக்க சுவா காவ் பிங் பண்ண வேலை இருக்கே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மலேசியாவுல இருக்குற தியோமான் தீவுக்குப் போய், வௌவால் தொங்குற மரத்துக்குக் கீழ பிளாஸ்டிக் ஷீட்டை விரிச்சு, மேல இருந்து விழுற மூத்திரத்தைச் சொட்டுச் சொட்டா எடுத்து, அது கடிச்சுப் போட்ட பழத்தையும் பொறுக்கி, அதுல இருந்து நிப்பா வைரஸை வளர்த்துக் காட்டினார். படத்துல இதைக் காட்ட மாட்டாங்க.

பங்களாதேஷ்ல வேற வழி. அங்க குளிர்காலத்துல ஈச்சமரத்தைச் சீவி, பானை கட்டி, விடிகாலையில பதநீரை அப்படியே பச்சையா குடிப்பாங்க. ராத்திரியில கேமரா வச்சுப் பாத்தா சீவுன இடத்தை வௌவால் வந்து நக்குது, பக்கத்துலயே மூத்திரமும் போகுது. தீர்வு என்னன்னா மூங்கில்ல ஒரு தட்டி பின்னி, பாவாடை மாதிரி அந்த இடத்தை மூடிக் கட்டுறது. கோடி கோடியா செலவு பண்ற தடுப்பூசிக்கு நடுவுல இந்த மூங்கில் தட்டியை நான் பெரிய கண்டுபிடிப்புன்னுதான் சொல்வேன்.

லேப்ல விண்வெளி டிரெஸ் போட்டுக்கிட்டுதான் வேலை பாப்பீங்களா?

அது பிஎஸ்எல்-4, நாலாவது பாதுகாப்பு நிலை. எபோலா, நிப்பா, மார்பர்க்கை உயிரோட வளர்க்குற லேப். முழு உடம்பையும் மூடுற சூட்டுக்குள்ள குழாய் வழியா காத்து வரும், சூட் உப்பிப்போய் இருக்கும், எங்கயாவது ஓட்டை விழுந்தாலும் காத்து வெளியதான் போகும், உள்ள வராது. வெளிய வரும்போது கெமிக்கல் ஷவர்.

நான் இருந்தது பிஎஸ்எல்-3. கோவிட்டையும், 2003-ல வந்த அதோட சொந்தக்காரன் சார்ஸையும் எல்லாம் இதுல வளர்ப்பாங்க. ரூமுக்குள்ள காத்தழுத்தம் வெளியைவிடக் கம்மி, அதனால கதவைத் தொறந்தா காத்து உள்ளதான் போகும். ரெண்டு கதவு, ஒண்ணு மூடாம இன்னொண்ணு தொறக்காது. ரெண்டு ஜோடி கிளவுஸ். கையை மெதுவா ஆட்டணும், சடார்னு எடுத்தா, நாங்க கையை விட்டு வேலை பாக்குற பாதுகாப்பு கேபினெட்டுக்குள்ள காத்து ஓட்டம் கலைஞ்சுடும். குப்பை, டிப், டியூப் எல்லாமே ஆட்டோகிளேவ்ங்குற பெரிய பிரஷர் குக்கர்ல 121 டிகிரியில வெந்துட்டுதான் வெளிய போகும். மூக்கு அரிச்சா? அரிக்கும். அவ்வளவுதான்.

மாஸ்க் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். என்95 சும்மா மாட்டிக்கிட்டா ஆகாது, ஃபிட் டெஸ்ட் இருக்கு. மாஸ்க் போட்டதும் தலையில ஒரு பிளாஸ்டிக் கூடு கவுத்து, உள்ள கசப்பு மருந்தை ஸ்ப்ரே அடிப்பாங்க. தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பணும், குனியணும், ஒரு பத்தியைச் சத்தமா படிக்கணும். நாக்குல கசப்பு தெரிஞ்சா ஃபெயில். ஒரு வருஷம் தைப்பூசத்துக்கு விரதம் இருந்து தாடி வளர்த்திருந்தேன், சரியா அந்த வாரம் ஃபிட் டெஸ்ட் வந்துச்சு. முதல் ஸ்ப்ரேயிலயே வேப்பங்கொழுந்தை அரைச்சு வாயில அப்புன மாதிரி கசப்பு. தாடி இருந்தா மாஸ்க் முகத்தோட ஒட்டாது. "முருகனா வைரஸா, நீயே முடிவு பண்ணு"ன்னு சூப்பர்வைசர் சிரிச்சார், அவரும் காவடி எடுக்குற ஆளுதான். காவடி இறக்குற வரைக்கும் ரிப்போர்ட் டைப் பண்ற வேலையில உக்கார வச்சாங்க.

லேப்ல இருந்து வைரஸ் தப்பிச்சு வர வாய்ப்பு இருக்கா? மறைக்காம சொல்லுங்க.

இருக்கு, நடந்திருக்கு, இங்கயே நடந்திருக்கு. 2003 செப்டம்பர்ல, சார்ஸ் முடிஞ்சு எல்லாரும் மூச்சு விட்ட நேரம், 27 வயசு ஆராய்ச்சி மாணவர் ஒருத்தருக்கு சார்ஸ். அவர் வேலை பாத்தது சார்ஸ்ல கூட இல்ல, கொசுவால பரவுற வெஸ்ட் நைல் வைரஸ்ல. விசாரிச்சா அவர் கையாண்ட சாம்பிள்ல சார்ஸ் வைரஸ் கலந்திருக்கு, லேப் நடைமுறையும் சரியில்ல. நல்ல வேளை அவர் பிழைச்சுட்டார், வேற யாருக்கும் பரவல. அதே வருஷக் கடைசியில தைவான்ல ஒரு கேஸ், 2004-ல பெய்ஜிங்ல லேப்ல இருந்து கிளம்பி ஒரு மாணவியோட அம்மா உயிரே போச்சு. அதுக்கும் முன்னாடி, 1978-ல இங்கிலாந்து பர்மிங்காம்ல ஜேனட் பார்க்கர்ங்குற மருத்துவப் புகைப்படக் கலைஞர் பெரியம்மையில இறந்தார். அதே கட்டடத்துல பெரியம்மை லேப் இருந்துச்சு. உலகத்துல பெரியம்மையில செத்த கடைசி ஆள் அவர்.

சிங்கப்பூர்ல அந்த 2003 விஷயத்துக்கு அப்புறம் ரூல் எல்லாம் இறுகுச்சு, 2005-ல கிருமிகளையும் நச்சுகளையும் கையாள்றதுக்குன்னே தனிச் சட்டம் போட்டாங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போட்டுட்டுக் கை வலிக்கிற ஃபார்ம் எல்லாம் அதோட பேரப்பிள்ளைங்கதான். திட்டிக்கிட்டேதான் போடுவேன், ஆனா போடுவேன்.

அப்புறம் எதுக்கு அந்த வைரஸை வச்சிருக்கணும், அழிச்சுட வேண்டியதுதானே?

பெரியம்மை வைரஸை அட்லாண்டாவுலயும் ரஷ்யாவுல கோல்ட்சோவோவுலயும் மட்டும் வச்சிருக்காங்க, அழிக்கலாமா வேணாமான்னு இன்னும் சண்டைதான். மத்த வைரஸ் எல்லாம் காட்டுல இருக்கு. நீங்க ஃப்ரிட்ஜ்ல இருக்குறதை அழிச்சாலும் வௌவால்கிட்ட இருக்குறது இருக்கும். டெஸ்ட் கிட் வேலை செய்யுதான்னு பாக்க, மருந்து வேலை செய்யுதான்னு பாக்க, வைரஸ் கையில வேணும்.

சார்ஸ் காணாமலே போச்சு, கோவிட் மட்டும் ஏன் போகல?

இதுக்குப் பதில் தெரிஞ்சா பாதி விஷயம் புரிஞ்ச மாதிரி. சார்ஸ் வந்தவங்க நல்லா நோய்ல விழுந்து, ரெண்டாவது வாரம் வாக்குலதான் அதிகமா பரப்புவாங்க. அதனால காய்ச்சல் பாத்துப் பிடிச்சாலே போதும். 2003-ல ஸ்கூல் பிள்ளைங்க எல்லாருக்கும் தெர்மாமீட்டர் குடுத்தாங்க ஞாபகம் இருக்கா, நான் அப்போ உயர்நிலைப்பள்ளி, காலையில கிளாஸ்ல எல்லாரும் வாயில தெர்மாமீட்டரோட உக்காந்திருப்போம், டீச்சர் நம்பரை எழுதிக்குவாங்க. அந்தச் சின்ன வேலை நெஜமாவே உதவுச்சு. கோவிட் வந்தவங்க இருமல் வர்றதுக்கு முன்னாடியே பரப்பிடுவாங்க, தெர்மாமீட்டர் எல்லாம் அதுகிட்ட எடுபடல.

சார்ஸ் லேசான விஷயம்னு சொல்ல வரல. இங்க 238 பேருக்கு வந்து 33 பேர் இறந்தாங்க, அதுல 5 பேர் ஆஸ்பத்திரி ஊழியர்கள். ஆரம்பம் ஹாங்காங் ஹோட்டல்ல தங்கிட்டு வந்த ஒரு சிலர்தான். மார்ச் 22-லேருந்து டான் டோக் செங்கை சார்ஸ் ஆஸ்பத்திரியா ஒதுக்குனாங்க. இது புது நோய்னு உலகத்துக்கு முதல்ல சொன்னவர்கள்ல ஒருத்தர் ஹனோய்ல இருந்த உலகச் சுகாதார நிறுவன டாக்டர் கார்லோ உர்பானி, அவரே மார்ச் 29-ம் தேதி சார்ஸ்ல போயிட்டார்.

காண்டாக்ட் ட்ரேசிங்னா என்னதான் பண்றாங்க? போன்ல ஆப் போட்டா போதாதா?

ஆப் உதவும். வேலை மனுஷன்தான் பாக்கணும். நோயாளிகிட்ட உக்காந்து, நேத்து எங்க போனீங்க, முந்தாநாள் எங்க, யார்கூடச் சாப்பிட்டீங்கன்னு பதினாலு நாளைக்குக் கதை கேக்கணும். உடம்பு முடியாத ஆளுக்கு ஞாபகம் வராது, சிலர் சொல்ல வெக்கப்படுவாங்க. ரசீது, பஸ் ரயிலுக்குத் தட்டுற ஈசி-லிங்க் கார்டு, காலண்டர் எல்லாத்தையும் வச்சு ஒட்டணும்.

2020 பிப்ரவரியில ரெண்டு தேவாலயத்துல கோவிட் கூட்டம் கூட்டமா வந்துச்சு, ரெண்டுக்கும் என்ன தொடர்புன்னு புரியல. கேட்டுக் கேட்டு, சீனப் புத்தாண்டுக்கு ஒரு வீட்டுல ரெண்டு பக்கத்து ஆட்களும் கூடிச் சாப்பிட்டது தெரிய வந்துச்சு. ஆனா அந்தச் சங்கிலியில நடுவுல இருந்திருக்க வேண்டிய தம்பதிக்கு அதுக்குள்ள நோய் சரியாகியிருந்துச்சு, வைரஸோட மரபணுவைத் தேடுற பிசிஆர் டெஸ்ட் பண்ணா வைரஸ் இல்ல. டியூக்-என்யூஎஸ் குழு வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடியை அவங்க ரத்தத்துல பாத்து, ஆமா இவங்களுக்கு வந்துட்டுப் போயிருக்குன்னு சொல்லுச்சு. பிசிஆர் திருடன் வீட்டுக்குள்ள இருந்தா பிடிக்கும், ஆன்டிபாடி டெஸ்ட் அவன் போன அப்புறம் செருப்புத் தடத்தைக் காட்டும். அந்த வாரம் எங்க லேப் கேன்டீன்ல இதைத் தவிர வேற பேச்சே இல்ல.

எது ரொம்பக் கொடியது? எபோலாவா, நிப்பாவா, கோவிட்டா?

கேள்வியைப் பிரிச்சுக் கேளுங்க. வந்தா ஆளைக் கொல்றது வேற, ஊரெல்லாம் பரவுறது வேற. 2018-ல கோழிக்கோட்டுல நிப்பா வந்தப்போ 18 பேருக்கு லேப்ல உறுதியாச்சு, அதுல பெரும்பாலானவங்க பிழைக்கல. ஆனா ஒரு ஆள் சராசரியா ஒரு ஆளுக்குக்கூட அதைப் பரப்பல, அதனால அடங்கிடுச்சு. பரவுனதும் அதிகமா ஆஸ்பத்திரி வராந்தாக்கள்லதான், நோயாளியைப் பாத்துக்கிட்ட நர்ஸ் லினியும் அப்படித்தான் போனாங்க. அங்கயும் ஆரம்பம் ஒரு சந்தேகம்தான். ஒரே வீட்டுல அண்ணன் தம்பி அடுத்தடுத்து ஒரே மாதிரி விழுறாங்களேன்னு டாக்டருங்க யோசிச்சு சாம்பிளை மணிப்பால்ல இருக்குற வைரஸ் லேபுக்கு அனுப்புனாங்க, அடுத்த ரெண்டு மூணு நாள்ல புனேயில இருக்குற தேசிய வைராலஜி நிறுவனமும் உறுதி பண்ணிடுச்சு. மலேசியாவுல ஆறு மாசம் ஆனது இங்க ரெண்டாவது நோயாளியிலேயே பிடிபட்டுச்சு.

எபோலாவை முதல்ல எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

ஒரு தெர்மாஸ் பிளாஸ்க்ல. 1976, அப்போ ஸயர்னு பேரு, இப்போ காங்கோ ஜனநாயகக் குடியரசு. யாம்புக்குங்குற ஊர்ல ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, அங்க வேலை பாத்த கன்னியாஸ்திரியோட ரத்தத்தை ரெண்டு டியூப்ல போட்டு, கடையில விக்கிற நீல பிளாஸ்க்ல ஐஸ் வச்சு, பயணிகள் விமானத்துல பெல்ஜியத்துக்கு அனுப்புனாங்க. ஆண்ட்வெர்ப்ல தொறந்தா ஐஸ் உருகி ஒரு டியூப் உடைஞ்சு கிடக்கு. பீட்டர் பியோன்னு ஒரு இளம் ஆராய்ச்சியாளரும் கூட்டாளிங்களும் சாதாரண லேப் கோட்டும் கிளவுஸும் போட்டுக்கிட்டு அதைத் தொட்டு வேலை பாத்தாங்க. இன்னைக்கு நினைச்சா எனக்குக் கை நடுங்கும்.

அங்க 318 பேருக்கு வந்து 280 பேர் இறந்தாங்க. ஏன் அவ்வளவு? அந்த ஆஸ்பத்திரியில காலையில அஞ்சு ஊசியை எடுத்துக் குடுப்பாங்க, நாள் பூரா வர்ற எல்லாருக்கும் அதே அஞ்சு ஊசிதான், நடுவுல தண்ணியில அலசுறதோட சரி. ஆஸ்பத்திரியை மூடுனதும் நோய் குறைய ஆரம்பிச்சுது. ஊர்ப் பேரை வச்சா அந்த ஊர் மக்களைக் காலத்துக்கும் ஒதுக்கிடுவாங்கன்னு, அந்த வட்டாரத்துல ஓடுன எபோலா ஆத்தோட பேரை வச்சாங்க.

2014-ல மேற்கு ஆப்பிரிக்காவுல வந்தது இன்னும் பெருசு, 28,000 பேருக்கு மேல, 11,000-க்கு மேல சாவு. சியரா லியோன்ல கெனிமா ஆஸ்பத்திரியில டாக்டர் ஷேக் உமர் கான், எலியால பரவுற லாசா காய்ச்சல் நிபுணர், எபோலா வார்டைப் பாத்துக்கிட்டவர். 99 எபோலா மரபணுத் தொகுப்புகளைப் படிச்சு ஒரு கட்டுரை ஆகஸ்ட்ல வெளியாச்சு, அது வர்றதுக்குள்ள அதை எழுதுனவங்கள்ல அஞ்சு பேர் எபோலாவுலயே இறந்துட்டாங்க, கானும் ஒருத்தர். நான் எத்தனையோ கட்டுரை படிச்சிருக்கேன். எழுத்தாளர் பேர் வரிசையில நின்னுபோய் உக்காந்தது அது ஒண்ணுலதான்.

அங்க இறுதிச் சடங்குல பரவுச்சுன்னு சொல்றாங்களே?

ஆமா. எபோலாவுல இறந்த உடம்புல வைரஸ் எக்கச்சக்கமா இருக்கும். குளிப்பாட்டுறது, தொட்டு அழறது, இதுல பரவும். முதல்ல வெளிநாட்டு ஆட்கள் வெள்ளை டிரெஸ்ல வந்து பையில போட்டுத் தூக்கிட்டுப் போனாங்க, மக்கள் பிணத்தை ஒளிச்சு வச்சு ராத்திரியில புதைச்சாங்க. நம்ம வீட்டுல அப்பாவைக் குளிப்பாட்டி வாய்க்கரிசி போட விடாம ஒருத்தன் தூக்கிட்டுப் போனா நாம விடுவோமா? அப்புறம்தான் மானிடவியல் படிச்சவங்க, இமாம், பாதிரியார் எல்லாரையும் உக்கார வச்சுப் பேசி, தொடாமலே பிரார்த்தனை பண்ண வழி பண்ணாங்க, குடும்பம் தூர நின்னு பாக்கலாம், துணியைக் குடுக்கலாம். அதுக்கப்புறம் மக்கள் அவங்களாவே கூப்பிட ஆரம்பிச்சாங்க.

தடுப்பூசி?

எபோலாவுக்கு இருக்கு. 2015-ல கினியாவுல, நோயாளியைச் சுத்தி இருக்குறவங்க, அவங்களைச் சுத்தி இருக்குறவங்கன்னு வளையம் கட்டிப் போட்டுப் பாத்தாங்க, பெரியம்மையை ஒழிச்ச அதே டெக்னிக், நல்லா வேலை செஞ்சுது. நிப்பாவுக்கு இன்னும் சோதனையிலதான் இருக்கு.

2020-ல வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குற டோர்மிட்டரியில ஏன் அவ்வளவு பரவுச்சு?

ஒரே ரூம்ல பத்து, பன்னெண்டு, சில இடத்துல அதுக்கும் மேல, ரெண்டடுக்குக் கட்டில், பொதுக் கழிவறை, பொது சமையல். வைரஸ் படிச்சவங்க எல்லாருக்கும் இது பாடப்புத்தகம் முதல் பக்கம். தேவாலயத்துச் சங்கிலியைக் கண்ணி கண்ணியா பிடிச்ச ஊரு, இதைப் பாக்காம விட்டுடுச்சேன்னு எனக்கு இன்னும் கோவம் இருக்கு. வருஷக் கடைசிக் கணக்குப்படி அங்க இருந்த சுமார் 3,23,000 பேர்ல கிட்டத்தட்ட 47 சதவீதம் பேருக்கு வந்து போயிருந்துச்சு. இளவயசுக்காரங்களா இருந்ததால சாவு ரொம்பக் குறைவு.

அப்போ நான் லீவு நாள்ல போன்ல தமிழ் மொழிபெயர்ப்புக்கு உதவுனேன். புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருத்தர்கிட்ட ரிசல்ட் பாசிட்டிவ்னு சொன்னதும் "ரொம்ப நன்றிண்ணே, வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லிடுறேன்"னு சந்தோசமா வச்சுட்டார். அவருக்குப் பாசிட்டிவ்னா நல்ல செய்தி. நான் திரும்பக் கூப்பிட்டு, "தம்பி, கிருமி இருக்குன்னு அர்த்தம்"னு சொன்னப்போ அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அதுல இருந்து நான் பாசிட்டிவ், நெகட்டிவ்னு யார்கிட்டயும் சொல்றதில்ல, கிருமி இருக்கு, கிருமி இல்ல, அவ்வளவுதான்.

சாக்கடைத் தண்ணியில எல்லாம் வைரஸ் தேடுறாங்களாமே?

தேடுறாங்க, பிரமாதமான ஐடியா. டெஸ்ட்டுக்கு வர சோம்பேறித்தனப்படுவோம், டாய்லெட்டுக்குப் போகாம இருப்போமா? ஒரு கட்டடத்துக் கழிவுநீர்ல வைரஸ் தெரிஞ்சா அந்தக் கட்டடத்துல மட்டும் ஆளாளுக்கு டெஸ்ட் பண்ணலாம். டோர்மிட்டரிகள்ல அப்படித்தான் பண்ணாங்க. போலியோவுக்கு ரொம்ப காலமாவே இது இருக்கு.

ரசம், மஞ்சள், நிலவேம்பு குடிச்சா தடுக்குமா?

ரசம் குடிங்க, சோறு இறங்கும். வைரஸ் அதைக் கண்டுக்காது.

என் பொண்ணுக்கு இந்த வேலைக்கு வர ஆசை, என்ன படிக்கணும்?

பாலிடெக்னிக்ல பயோமெடிக்கல் சயின்ஸ், இல்லன்னா ஜூனியர் காலேஜ் முடிச்சுப் பல்கலைக்கழகத்துல லைஃப் சயின்ஸ். நர்ஸிங், புள்ளியியல், கால்நடை மருத்துவம் படிச்சும் வரலாம், அவங்களும் இதே வேலைதான் பாக்குறாங்க. பொறுமை இருக்கான்னு முதல்ல பாருங்க. டெஸ்ட் தட்டுல ஒரே மாதிரி 96 குழியில 96 சொட்டு விட்டு, 57-வது குழியில விட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா மறுபடியும் முதல்ல இருந்து பண்ற பிள்ளையா இருந்தா அனுப்புங்க.

கேரளாவுக்கோ பங்களாதேஷுக்கோ போயிட்டு வந்தோம், காய்ச்சல் வந்துருச்சு. என்ன பண்ணணும்?

முக்காவாசி அது சாதாரணக் காய்ச்சலாவோ டெங்கியாவோதான் இருக்கும், பதறாதீங்க. மாஸ்க் போட்டுக்கிட்டு கிளினிக் போங்க, கவுண்டர்லயே, டாக்டர் கேக்குறதுக்கு முன்னாடியே, எந்த ஊருக்குப் போனோம்னு சொல்லிடுங்க. நிறைய பேர் எம்சி, அதான் மருத்துவ விடுப்புச் சீட்டு, அதை மட்டும் வாங்கிட்டு வந்துடுறாங்க. இந்தியான்னு மட்டும் சொல்லாதீங்க, எந்த மாவட்டம்னு சொல்லுங்க. எந்தத் தேதி வந்தீங்க, அங்க ஆஸ்பத்திரியில யாரையாவது பாக்கப் போனீங்களா, எழவு வீட்டுக்குப் போனீங்களா, பச்சைப் பதநீர் குடிச்சீங்களா, தோட்டத்துல விழுந்து கிடந்த பழத்தைக் கழுவாம தின்னீங்களா, பண்ணைப் பக்கம் போனீங்களா. எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக் கொண்டு போனா இன்னும் நல்லது, டாக்டர் சிரிச்சா சிரிக்கட்டும்.